மலைக்கும் கோட்டைக்கும் படுக்கை வண்டி: உப்புக்காற்று ஊருக்கு ஈக்கோவா, டிராவலரா?

வடசென்னையின் கடலோரத்தில், தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர் பக்கம் குடியிருந்துகொண்டு, வண்டியிலேயே படுத்தெழுந்து செஞ்சி, ஏலகிரி, வேலூர் என்று மூன்று நாள் சுற்ற நினைப்பவர்கள் கடைசியில் இரண்டு வண்டிகளுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். மாருதி ஈக்கோவில் கழற்றி மாட்டும் கட்டில் ஒன்று. பழைய ஃபோர்ஸ் டிராவலர் வேனை வாங்கி, படுக்கை, சமையல் வசதியோடு முழு கேம்பர்வேனாக மாற்றுவது இன்னொன்று. இரண்டு பேர், கூட ஒரு சின்னப் பிள்ளை என்றால் தயங்காமல் ஈக்கோ. நான்கு பெரியவர்கள் என்றால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

டிராவலரில் நிமிர்ந்து நிற்கலாம், கழிப்பறை வைக்கலாம், மழை கொட்டினாலும் உள்ளேயே சமைக்கலாம். ஈக்கோவில் இவற்றில் எதுவும் நடக்காது. வளைவுகளைப் பற்றிப் பலரும் பயமுறுத்துகிறார்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் பேருந்தே ஏறி இறங்குகிறது. எந்த வண்டியானாலும் இறக்கத்தில் செகண்ட் கியர்தான். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் லைனிங் சூடேறி, பெடல் அடிவரை போய்விடும். நிறுத்துமிடத்தில் ஈக்கோ ஜெயிக்கிறது: நீளம் 3,675 மி.மீ., அகலம் 1,475 மி.மீ. என்பதால் பழைய வண்ணாரப்பேட்டைச் சந்திலும் ஓரங்கட்டலாம்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது துருதான். ஊர் சுற்றுவது வருடத்தில் இருபது நாள் என்றால், மீதி நாளெல்லாம் வண்டி கடற்காற்றில் சும்மா நிற்கும். தகட்டில் படியும் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்; மழையே பெய்யாத மாதத்திலும் உலோகம் நனைந்தபடிதான் இருக்கும்.

டிராவலரை கேம்பராக்கும்போது கூரையில் காற்றுப்போக்கி, பக்கவாட்டில் ஜன்னல், தண்ணீர் நிரப்பும் வாய், மின்சாரம் எடுக்கும் வாய் என்று ஏழெட்டு இடத்தில் தகட்டை வெட்டுவார்கள். தொழிற்சாலையில் முழு உடம்பையும் பிரைமரில் முக்கி எடுத்திருப்பார்கள்; வெட்டிய விளிம்பில் அந்தக் காப்பு கிடையாது. ஜிக்சா ரம்பம் போட்டதும் இரும்புத்தூள் கூரையெங்கும் சிதறும். அன்றே ஊதி, துடைத்து, காந்தத்தைத் துணியில் சுற்றி எடுக்காவிட்டால், ராத்திரிப் பனியிலேயே ஒவ்வொரு துகளும் செம்புள்ளியாகி பெயின்ட்டுக்குள் இறங்கும். விளிம்பில் ஜிங்க் பிரைமர் இரண்டு கோட், காய்ந்தபின் பாலியூரித்தேன் சீலன்ட் என்பதுதான் சரியான வரிசை. பிரைமரை விட்டுவிட்டு சீலன்ட் மட்டும் அப்பினால், வெயிலில் அது வெடிக்கிற நாளிலிருந்து உள்ளே தண்ணீர் போகும்.

இதைவிட மோசமானது உட்புறம். இரவில் விடும் மூச்சின் ஈரம் உள் பலகைக்குப் பின்னால் போய், குளிர்ந்த தகட்டில் நீர்த்துளியாகும். தகடு பலகைக்குப் பின்னால் மறைந்திருப்பதால் துரு கண்ணில் படாது. வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது பலகையைப் பிரித்தால், டிங்கரிங் பட்டறையில் தகட்டையே வெட்டி ஒட்டச் சொல்வார்கள்.

ஈக்கோவில் ஒரு ஓட்டை கூடப் போட வேண்டாம். 12 மி.மீ. மரைன் ப்ளைவுட்டை மூன்று துண்டாக்கி, ஒரு இஞ்ச் சதுரக் குழாய்ச் சட்டத்தின்மேல் வையுங்கள். ஆறுக்கு நான்கு அடி என்றால் பலகை மட்டும் 17 கிலோ வரும். இரண்டு பேர் சுலபமாகத் தூக்கலாம். பலகை விளிம்புகளுக்கு வார்னிஷ் அவசியம், இல்லாவிட்டால் ஈரத்தில் உப்பிவிடும். சட்டத்தை ஏற்கெனவே இருக்கும் சீட் போல்ட்டுகளோடு ராட்செட் பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். வெறுமனே வைத்தால் சடன் பிரேக்கில் முன்சீட்டை வந்து இடிக்கும். சிஎன்ஜி மாடல் வேண்டாம், பின்னாலிருக்கும் சிலிண்டர் படுக்கையின் நீளத்தைத் தின்றுவிடும். 20 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 200 வாட் அவர். விளக்கு, போன் சேர்த்து 270. 12.8 வோல்ட், 50 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி 640 தரும், இரண்டு இரவுக்குப் போதும். அடுப்பை வண்டிக்குள் பற்றவைக்கவே கூடாது.

சட்டமும் ஈக்கோ பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கழற்றி வைக்கும் கட்டில் வெறும் சாமான். விற்கும்போதும் அதே கதை: கட்டிலை இறக்கிவிட்டால் மீன் வியாபாரியும் வாங்குவார், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுபவரும் வாங்குவார்.

பாதை: மணலி கன்டெய்னர் நெரிசல் தொடங்குமுன் கிளம்பி, மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலை வழியாகத் திண்டிவனம், செஞ்சி. பிற்பகலுக்குமேல் செஞ்சிக் கோட்டையின் உயரமான குன்றான ராஜகிரி ஏற விடமாட்டார்கள். அதனால் முந்தின இரவே செஞ்சியில் தங்கி, காலையில் முதல் ஆளாக ஏறுவது நல்லது. படுக்கை வண்டியின் உண்மையான லாபம் இதுதான். சுமார் 800 அடி ஏற்றம், உச்சிக்குச் சற்று முன் பாறைப் பிளவின்மேல் பாலம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். பையை மூடியே வையுங்கள், குரங்கு பறிக்கும். 1677இல் சிவாஜி பிடித்த இந்தக் கோட்டை 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. மார்ச்சுக்குமேல் செஞ்சிப் பாறை ராத்திரியும் அனல் விடும். அப்போது லாட்ஜே மேல்.

அங்கிருந்து திருவண்ணாமலை, திருப்பத்தூர் வழியாக ஏலகிரி அடிவாரம். அதன் பெயரும் பொன்னேரிதான், மீஞ்சூரைத் தாண்டியிருக்கும் நம்ம பொன்னேரி இல்லை. மலைத்தடங்களுக்கு வனத்துறை அனுமதி தேவை. காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் கிளம்புமுன் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தைப் பாருங்கள். திரும்பும் வழியில் 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்த வேலூர்க் கோட்டை.

வீடு வந்ததும் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். மீஞ்சூர், எண்ணூர் பக்க போர்வெல் தண்ணீரில் கடலுப்பு ஏறியிருக்கும். அதில் கழுவினால் உப்பைப் பூசியதாகத்தான் அர்த்தம். கடைசி அலசலாவது 40 லிட்டர் மெட்ரோ வாட்டரில் இருக்கட்டும். ஸ்லைடிங் கதவின் கீழ் ரெயிலில் மண் சேரும், பிரஷ்ஷால் எடுங்கள். கதவுகளின் அடியிலிருக்கும் வடிகால் ஓட்டைகளில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தினால் கறுப்புச் சேறு ஒழுகும். தெளிந்த நீர் வரும்வரை குத்த வேண்டும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.