இன்குபேட்டர் வாங்கப் போகிறீர்களா? டிஸ்பிளேயில் தெரியும் 37.7-ஐ நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்

நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள், குறிப்பாக ஆன்லைன் விளம்பரம் பார்த்து முட்டை இன்குபேட்டருக்கு முன்பணம் போடப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவு பண்ணுங்கள். நாங்கள் வாங்கியது தெர்மாகோல் பெட்டியில் செய்த 100 முட்டை இன்குபேட்டர். 'ஃபுல் ஆட்டோமேட்டிக், 95 சதவீதம் பொரிப்பு உறுதி, ஒரு வருஷம் வாரண்டி' என்று விளம்பரம். பணம் முழுவதும் ஜிபேயில் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். பில் பார்சலோடு வரும் என்றார்கள், வரவே இல்லை. புகார் நடப்பில் இருப்பதால் விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. செய்த வேலையை மட்டும் ஒன்று விடாமல் சொல்கிறேன்.

பெட்டி வந்து ஓடவிட்டதும் டிஸ்பிளேயில் எண் 35.7-க்கும் 38-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஃபேன் வைத்த பெட்டிக்குக் கோழி முட்டைக்கு 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் வேண்டும். அரை டிகிரி இறங்கி ஏறினால் பரவாயில்லை, இரண்டு டிகிரிக்கு மேல் ஆடுகிறதே என்று போன் பண்ணிக் கேட்டதற்கு, "அது அப்படித்தாங்க அண்ணா. தாய்க்கோழியும் தீவனம் திங்க எந்திரிச்சுப் போகுதில்ல?" என்றார். கேட்க நியாயமாக இருக்கிற பதில். ஆனால் தாய்க்கோழி எழுந்துபோனால் முட்டை கொஞ்சம் ஆறும், அவ்வளவுதான். சூடு ஏறாது. கருவில் இருக்கிற குஞ்சு கொஞ்ச நேரக் குளிரைத் தாங்கிக்கொள்ளும். 39, 40 என்று மணிக்கணக்கில் சூடு ஏறினால் தாங்காது. இன்குபேட்டர் வியாபாரத்தில் இருக்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா கொடுத்த சிறுவிடை நாட்டுக்கோழி முட்டைகளைத்தான் அடை வைத்தோம். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது பெரும்பாலான முட்டைகளில் சிவப்பு நரம்பு வலை பிரிந்து ஓடியிருந்தது, நடுவில் கரு அசைந்தது. போட்டோவும் எடுத்து வைத்தோம். அந்தப் போட்டோ பிறகு எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன்.

கோழிக்குஞ்சு 21-ஆம் நாள் வரவேண்டும். ஒரே நேரத்தில் வைத்த முட்டைகளில் சூடு கொடுக்கிற பல்புக்கு நேர் கீழே இருந்தவை 19-ஆம் நாளே ஓட்டைத் தட்ட ஆரம்பித்தன. வெளியே வந்த குஞ்சுகளுக்குத் தொப்புள் மூடவில்லை. இரத்தம் கசிந்து ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஒன்றிரண்டுக்கு மஞ்சள் கரு உள்ளே இழுபடாமல் வெளியே தொங்கியது. கதவுப் பக்கம் இருந்தவையோ 23-ஆம் நாள் வரை இழுத்தன. பல குஞ்சுகள் முழுதாக வளர்ந்து, மூக்கால் ஓட்டைத் தட்டக்கூடச் சக்தி இல்லாமல் உள்ளேயே செத்திருந்தன. அந்த ஓடுகளை உடைத்துப் பார்த்தது யாருக்கும் வேண்டாத வேலை. இறகெல்லாம் முளைத்து முழுக் குஞ்சாக இருந்தது ஒவ்வொன்றும். அதே கூடையிலிருந்து எடுத்து அடைக்கோழிக்கு வைத்த முட்டைகள் 21-ஆம் நாளே பொரித்துவிட்டன.

விற்றவர் சொன்ன முதல் காரணம்: "சேவல் சரியில்லீங்க, கூமுட்டையா இருக்கும்." ஏழாம் நாள் போட்டோவை அனுப்பினேன். கருக்கூடாத கூமுட்டையில் நரம்பு ஓடுமா? உடனே காரணம் மாறியது, கரண்ட் போயிருக்கும் என்றார். பிறகு தண்ணீர் ஊற்றவில்லை என்றார். கடைசியில், "பெட்டியை அனுப்புங்க, கன்ட்ரோலர மாத்தித் தர்றேன், 1,200 ரூபா ஆகும்." வாரண்டி என்ன ஆயிற்று என்று கேட்டால், எலக்ட்ரானிக் ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாதாம். போக வரப் பார்சல் செலவும் நம் தலையில்தான்.

எனக்கு அதிகம் கொதித்தது இதற்கடுத்து நடந்ததில்தான். பெட்டியை அனுப்புவதற்கு முன்பு உள்ளே ஒரு அழுகிய முட்டை வெடித்து, அதன் நீர் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போர்டின் மூலையில் தெறித்துக் காய்ந்திருந்தது. பல்பை எரியவும் அணையவும் வைக்கிற ரிலே என்கிற நீலக் கட்டையின் ஓரத்தில் மஞ்சள் கறை. 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு 'புது கன்ட்ரோலர்' போட்டு வந்த பெட்டியைத் திறந்தால், அதே போர்டு, அதே மூலையில் அதே கறை. போட்டோ எடுத்து அனுப்பினேன். புளூ டிக் விழுந்தது, பிறகு என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்.

எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் தம்பியோடு உட்கார்ந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே இருந்தது டபிள்யூ 1209 என்ற போர்டு. சாதாரணமாக எல்லோரும் போடுவது, விலை மலிவு, சரியாக அமைத்தால் நன்றாகவே வேலை செய்யும். இதில் செட் பட்டனை அழுத்திப் பிடித்தால் பி0, பி1 என்று வரிசையாக வரும். பி1 என்பது எவ்வளவு சூடு இறங்கினால் பல்பு மறுபடி எரிய வேண்டும் என்ற அளவு. கம்பெனியிலிருந்து வரும்போது அது 2 டிகிரியில் இருக்கும். இன்குபேட்டருக்கு அதை 0.1 அல்லது 0.2-க்குக் குறைப்பதுதான் முதல் வேலை. இவர்கள் தொடவே இல்லை. தாய்க்கோழிக் கதைக்குக் காரணம் இதுதான்.

அடுத்தது பி4. சென்சார் காட்டும் எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ இதைப் பயன்படுத்தலாம். அதில் மைனஸ் 1.2 போட்டு வைத்திருந்தார்கள். உண்மையில் 38.9 இருக்கும்போது டிஸ்பிளே 37.7 என்று காட்டும். சென்சாரே பழுதாக இருந்து, அதைச் சரிக்கட்டப் போட்டிருப்பார்களோ என்று ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் சென்சார் முனையையும் டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் சேர்த்து முக்கிப் பார்த்தோம். தெர்மாமீட்டர் 38.1, போர்டு 36.9. பி4-ஐ பூஜ்யமாக்கியதும் போர்டும் 38.1 காட்டியது. சென்சாரில் ஒரு குறையும் இல்லை, கையால் போட்ட பொய் அது.

சென்சார் இருந்த இடம் இன்னும் மோசம். முட்டை மட்டத்தில் தொங்க வேண்டிய அதை, வெளிக்காற்று வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். குளிர்ந்த காற்று பட்டுப் பட்டு அது எப்போதும் குறைவாகவே காட்டும், பல்பு நிற்காமல் எரியும், அடியில் இருக்கிற முட்டை வேகும். ஃபேனும் பல்பைப் பார்த்து வைத்திருந்ததால் சூட்டைப் பெட்டி முழுக்கப் பரப்பவில்லை.

வாங்கியே தீர வேண்டும் என்றால், முழுப் பணம் கொடுப்பதற்கு முன்பு விற்கிறவரிடம் மூன்று வீடியோ கேளுங்கள்: பி1, பி4 இரண்டும் எவ்வளவில் இருக்கிறது, சென்சார் எங்கே தொங்குகிறது, நடுவிலும் மூலையிலும் தனித்தனி தெர்மாமீட்டர் வைத்தால் என்ன காட்டுகிறது. நேர்மையாகச் செய்கிறவருக்கு இது ஐந்து நிமிட வேலை, தயங்காமல் அனுப்புவார். பெட்டி வந்ததும் முட்டை வைக்காமல் ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். கண்ணாடிக் காய்ச்சல் தெர்மாமீட்டரை (டிஜிட்டல் வேண்டாம், அது சில நிமிடத்தில் தானே அணைந்துவிடும்) ஒரு சின்னத் தண்ணீர் பாக்கெட்டுக்குள் செருகி முட்டைத் தட்டில் வைத்தால், முட்டையின் உள்சூட்டுக்கு நெருக்கமான அளவு கிடைக்கும். அது தொட்ட அதிகபட்ச எண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் நாம் இல்லாத நேரத்தில் சூடு ஏறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ரிலே ஒட்டிக்கொண்டால் பல்பு அணையாது. அதற்காக 38.5-ல் கரண்டை வெட்டுகிற இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் பெட்டியைத் திறக்காமல் மேலே போர்வை போட்டு மூடி வைத்தால் போதும், இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

பிளாக் பண்ணுவதற்கு முன் விற்றவர் ஒரு மிரட்டலும் விட்டார்: "வியாபாரத்துக்கு வாங்குனது, கன்ஸ்யூமர் கோர்ட்டு செல்லாது." அது உண்மையில்லை. சுயதொழிலாகப் பிழைப்பு நடத்த வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். எங்களிடம் கறை படிந்த போர்டை, பெட்டியை அனுப்பும் முன்பும் திரும்பி வந்த பின்பும் எடுத்த போட்டோ இரண்டும் தேதியோடு இருக்கின்றன. இதே ஆளிடம் இதே பெட்டி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் பி4 அளவைப் பார்த்து போட்டோ எடுத்து வையுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம்.