எண்ணெய் ஓவியம்: ஏலத்திலா, காட்சிக்கூடத்திலா?

கோலாலம்பூரில் இக்கால எண்ணெய் ஓவியம் தேடும் நண்பர்கள் பலர் இந்தக் கேள்வியில்தான் தவிக்கிறார்கள்.

விலை
ஏலம்: ஏலம் முடிந்து சுத்தியல் விழும் தொகையோடு கணக்கு முடிவதில்லை. ஏல நிறுவனம் வசூலிக்கும் ‘வாங்குபவர் கட்டணம்’ தனி. 20,000 ரிங்கிட்டுக்கு எடுத்து, கட்டணம் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கட்ட வேண்டியது 23,000.
காட்சிக்கூடம்: சொன்ன விலை. தவணை கேட்டுப் பார்க்கலாம்.

ஓவியத்தின் நிலை
இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஏலத்தில் பெரும்பாலும் ‘உள்ளது உள்ளபடி’ விற்பனைதான். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பூஞ்சை எளிதில் பிடிக்கும். பின்புறத் துணியில் சாம்பல் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏலத்துக்கு முன் படங்களைப் பார்வைக்கு வைக்கும் முன்காட்சி நாளில் நேரில் போய், படத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மயிரிழை வெடிப்புகளும் பெயர்ந்த வண்ணமும் தெரியும். படத்தின் குறைகளைப் பதிவு செய்யும் நிலை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.
காட்சிக்கூடத்துப் புதுப் படத்தில் கவலை வேறு: தடித்த பூச்சு உள்வரை காய மாதங்கள் ஆகும். பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றவே கூடாது.

சான்று
ஏலம்: முந்தைய உரிமையாளர் விவரம்.
காட்சிக்கூடம்: ஓவியர் கையெழுத்திட்ட சான்றிதழ்.

மலேசிய ஓவியர் சையத் அகமது ஜமால் (1929–2011) போன்ற மறைந்த முன்னோடிகளின் படைப்பைத் தேடுபவர்களுக்கு ஏலத்தில் வாய்ப்பு உண்டு. கட்டணமும் சேர்த்து உச்சவரம்பை எழுதிக்கொண்டு போங்கள். முதல்முறை வாங்குபவர்களுக்கும், இளம் ஓவியர்களை ஆதரிக்க நினைப்பவர்களுக்கும் காட்சிக்கூடமே சரி. அங்கே கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஓவியருக்கே போய்ச் சேரும்.