புறக்காவல் நிலையமா, ரோந்து வண்டியா, பைக்ல வர்ற ஏட்டா? தர்மபுரி மாதிரி மாவட்டத்துக்கு எது செட் ஆகும்

எங்க பக்கம் எந்த கிராம சபை நடந்தாலும் ரோடு, தண்ணி, தெருவிளக்கு முடிஞ்சதும் அடுத்து வர்ற கோரிக்கை "எங்க ஊருக்கு ஒரு புறக்காவல் நிலையம் வேணும்"ங்கறதுதான். எலக்‌ஷன் வந்தா கேக்கவே வேண்டாம், எல்லா கட்சிக்காரரும் வாக்குறுதி குடுத்துட்டு போவாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன், கட்டடம் வந்துட்டா பிரச்சனை தீந்துரும்னு. இப்போ அப்படி நினைக்கல, ஏன்னு சொல்றேன், கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கோங்க.

தர்மபுரி மாவட்டம் கிட்டத்தட்ட 4,497 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்புல 15 லட்சத்துக்கு கொஞ்சம் மேல ஜனம், அதுல நூத்துக்கு 80 பேருக்கு மேல கிராமத்துலதான் இருக்காங்க. ஏழு தாலுகா, 251 பஞ்சாயத்து, நிலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல காடு. கிராமப்புறத்துல ஒரு ஸ்டேஷன் எல்லை 150 சதுர கிலோமீட்டரைத் தாண்டக்கூடாதுன்னு அந்த காலத்துலயே தேசிய போலீஸ் கமிஷன் சொல்லிச்சு (1977ல போட்டு 1981ல முடிஞ்ச கமிஷன்). வகுத்துப் பாத்தா இந்த மாவட்டத்துக்கு 30 ஸ்டேஷன் வருது. ஆனா சித்தேரி மலைல 150 சதுர கிலோமீட்டர்ங்கறதும் காரிமங்கலம் சமவெளில 150ங்கறதும் ஒண்ணா? மலைல மூணு மணி நேரம், கீழ முக்கால் மணி நேரம். அதனால பரப்பளவை வச்சு பேசறத விட்டுட்டு ஆளை வச்சு பேசலாம், ஏன்னா மேல இருந்து கிடைக்கறது ஆள்தான், அதுவும் எண்ணித்தான் கிடைக்கும்.

பத்து போலீஸ்காரங்களை புதுசா குடுக்கறாங்கன்னு வைங்க. என்ன பண்ணலாம்?

ஒரு நாற்காலில 24 மணி நேரமும் ஒரு ஆள் உக்காந்திருக்கணும்னா வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருத்தர் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துல ஆறு நாள் வேலை பாத்தா 48. அப்போ ஒரு நாற்காலிக்கே மூன்றரை ஆள், அதுமேல லீவு, கோர்ட்டு, பந்தோபஸ்து எல்லாம் சேத்தா நாலரை அஞ்சு ஆகிரும் (வார லீவு ஆணை 2021ல வந்துச்சு, பேப்பர்ல இருக்கு, போய் ஏட்டைக் கேளுங்க சிரிப்பாரு). புறக்காவல் நிலையத்துல எப்பவும் ரெண்டு பேராவது இருக்கணும், தனியா ஒருத்தரை ராத்திரி விட முடியாது. ஆக பத்து பேரும் ஒரே ஒரு கட்டடத்துல முடிஞ்சுட்டாங்க. ரோந்து வண்டியும் அதே கதைதான், ஒரு டிரைவர் ஒரு எஸ்எஸ்ஐ (சிறப்பு எஸ்ஐ), 24 மணி நேரம் ஓடணும்னா பத்து பேர், ஒரு வண்டி. அதே பத்து பேரை ஆளுக்கு ஒரு பைக் குடுத்து மூணு பஞ்சாயத்து பிரிச்சு விட்டா 30 பஞ்சாயத்துக்கு பேரோட முகத்தோட ஒரு போலீஸ் இருக்காரு. நான் சொல்ல வர்றது மொத்தமும் இந்த பாராவுலயே இருக்கு, மத்ததெல்லாம் எங்க எது பொருந்தும் பொருந்தாதுங்கற பேச்சு.

முதல்ல புறக்காவல். நல்லது என்னன்னா கண்ணுல படும். லைட் எரியும், பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தா ராத்திரி இறங்கற பொண்ணுங்களுக்கு ஒரு தைரியம், ஒகேனக்கல் மாதிரி கூட்டம் வர்ற இடத்துல கண்டிப்பா வேணும், தண்ணில யாராவது போயிட்டா தேடறதுல இருந்து குடிச்சுட்டு தகராறு பண்றவன் வரைக்கும் அங்கயே ஆள் வேணும். ஆனா சாதாரண கிராமத்து கூட்ரோட்டுல போட்டா என்ன ஆகுதுன்னா, பெரும்பாலும் அங்க எஃப்ஐஆர் போட மாட்டாங்க, மனுவை வாங்கி மெயின் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லுவாங்க. பந்தோபஸ்துன்னு ஒரு போன் வந்தா முதல்ல பூட்டறது இதைத்தான். எங்க ஏரியால ஒண்ணு இருக்கு, எதுன்னு சொல்லல, திறப்பு விழாக்கு வாழைமரம் கட்டினாங்க, இப்போ அந்த திண்ணைல கடலைக்கொடி காயுது.

இன்னொரு விஷயமும் இருக்கு. கட்டடம் வந்தா நிம்மதி வரும்னு எல்லா ஊர்லயும் சொல்லிற முடியாது. இதே அரூர் பக்கம்தான் வாச்சாத்தி. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாம் சேந்து உள்ள போய் ஊரையே அடிச்சு நொறுக்கி பொண்ணுங்களை பலாத்காரம் பண்ணது நாட்டுக்கே தெரியும், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளின்னு 2011ல தர்மபுரி கோர்ட்டு சொல்லி, 2023ல ஹைகோர்ட் அதை உறுதி பண்ற வரைக்கும் 31 வருஷம். மலை ஓரத்து ஊர்ல காக்கி பேன்ட்டைப் பாத்ததும் ஒரு பாட்டி கதவைச் சாத்தினா அதுக்கு காரணம் இருக்கு. அங்க போய் ஒரு புறக்காவல் கட்டி போர்டு மாட்டறதை விட, ஒரே ஆள் ஆறு மாசம் தொடர்ந்து வந்து டீ குடிச்சுட்டு போறது பெரிய விஷயம்.

அடுத்து வண்டி. இப்போ எல்லா மாநிலத்துலயும் மோகம் இதுலதான். மத்திய பிரதேசம் 2015ல, உத்தர பிரதேசம் 2016ல, ஜிபிஎஸ் வச்ச வண்டியை கிராமம் வரைக்கும் இறக்கி ஒரே கன்ட்ரோல் ரூம்ல இருந்து அனுப்பற மாதிரி பண்ணாங்க, நம்ம ஊர்லயும் 100, 112 ரெண்டுக்கும் அடிக்கலாம். ரோட்டு விஷயத்துக்கு வண்டிதான், பேச்சே இல்ல. தொப்பூர் கணவாய் இறக்கத்துல லாரி பிரேக் பிடிக்காம வந்து வரிசையா மோதும்போது மூணு பஞ்சாயத்து ஏட்டு பைக்ல வந்து என்ன பண்ணுவாரு? அங்க வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ், டிராஃபிக்கை திருப்பி விட ஆள் எல்லாம் நிமிஷக் கணக்குல வரணும். ஆனா தோட்டத்து வீட்டுல நடக்கறதுக்கு வண்டி வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும். கிராமத்து ரோட்டுல 20 கிலோமீட்டர்னா அரை மணி நேரம் போயிரும், அதுவும் வழி தெரிஞ்ச டிரைவரா இருந்தா. வழி தெரியலன்னா "அந்த வேப்பமரம் தாண்டி ரெண்டாவது மண் ரோடுங்க சார்"னு போன்லயே பேசிட்டு இருக்கணும்.

எங்களுக்கு நடந்ததை சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி ராத்திரி கிணத்து மோட்டார் கேபிளை வெட்டிட்டு போயிட்டாங்க. இந்தப் பக்கம் விவசாயம் பண்றவங்களுக்கு தெரியும், தக்காளி காய் பிடிக்கற நேரத்துல ரெண்டு நாள் தண்ணி கட்டலன்னா என்ன ஆகும்னு. போன் அடிச்சோம், ஐம்பது நிமிஷத்துல வண்டி வந்துச்சு, நல்லாத்தான் பேசினாங்க, டார்ச் அடிச்சு கிணத்துக்குள்ள பாத்தாங்க, அதுக்குள்ள ஒரு ஆக்சிடென்ட் கால் வந்து கிளம்பிட்டாங்க. காலைல ஸ்டேஷன் போனா புகார் எழுதற ரைட்டர் இல்ல, மறுநாள் போனா மனுல சர்வே நம்பர் இல்ல, மூணாவது தடவைதான் சிஎஸ்ஆர் ரசீது (புகார் வாங்கிக்கிட்டதுக்கு குடுக்கறது) கைக்கு வந்துச்சு. போக வர பஸ்ஸுக்கும் டீக்கும் போன காசுல பாதி கேபிள் வாங்கியிருக்கலாம்னு எங்கப்பா புலம்பினாரு.

அப்புறம் வந்தாரு ஒரு ஏட்டு, பைக்ல, தனியா. எங்களுக்கு அவரை முன்னாடியே தெரியும், மாரியம்மன் பண்டிகைக்கு ரெண்டு வருஷமா வர்றவரு. "யார் மேலயாவது சந்தேகம் இருக்குதுங்களா"ன்னு எல்லாரும் கேக்கற கேள்வியை அவர் கேக்கவே இல்ல. "பெரியவரே, இந்த ரெண்டு மூணு நாள்ல எங்கயாவது பிளாஸ்டிக் தீயற வாசம் வந்துதுங்களா"ன்னாரு. காப்பரை எடுக்கணும்னா மேல இருக்கற ரப்பரை எரிச்சாகணுமாம். புல்லு அறுக்கற அக்கா ஒருத்தவங்க ஏரிக்கரைல வந்துச்சுன்னாங்க. போய் பாத்தா கருவேல மரத்தடில வட்டமா கரி, அதுல உருகி ஒட்டின கருப்பு உருண்டை நாலஞ்சு. அதைக் காலால தள்ளிப் பாத்துட்டு நேரா பழைய இரும்பு கடைக்கு வண்டியை விட்டாரு, அந்த வாரமே ரெண்டு பசங்க மாட்டினாங்க. வண்டிக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? வண்டி எங்க வீட்டுக்கு வந்துச்சு, அவர் ஊருக்கு வந்தாரு.

கேபிள் திருட்டு சின்ன விஷயம்னு சொல்லுவீங்க. பெருசையும் பாப்போம். 2012 நவம்பர் 7ல நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனி மூணும் எரிஞ்சது ஒரு சாயங்காலத்துல, ஆனா சாதி மாறி நடந்த அந்த கல்யாணத்தை வச்சு புகைச்சல் சில வாரமாவே இருந்துச்சு. அந்த மாதிரி புகைச்சல் ஹைவேல நிக்கற வண்டிக்கு தெரியாது, கூட்ரோட்டு புறக்காவல்ல பாரா பாக்கறவருக்கும் தெரியாது. டீக்கடைல யார் யார் பக்கத்துல உக்காரறதை நிறுத்திட்டாங்கன்னு கவனிக்கற ஒரு ஆளுக்குத்தான் தெரியும். தெரிஞ்சு மேல சொன்னா மேல இருக்கறவங்க கேப்பாங்களாங்கறது வேற கேள்வி, அதுக்கு எந்த திட்டத்துலயும் மருந்து இல்ல.

251 பஞ்சாயத்தை மூணு மூணா பிரிச்சா மாவட்டத்துக்கே 84 பேர் போதும். இதே 84 பேரை வச்சு புறக்காவல் போட்டா எட்டுதான் வரும், அதாவது 560 சதுர கிலோமீட்டருக்கு ஒண்ணு! இந்த கணக்கைப் போட்டப்புறம்தான் நான் கட்சி மாறினேன்.

அதுக்காக இந்த பீட் ஏட்டு முறைல (ஒரு ஆளுக்கு பிரிச்சு விடற ஏரியாதான் பீட்) ஓட்டை இல்லன்னு சொல்லல, நிறைய இருக்கு. முதல் ஓட்டை, பேப்பர்ல பீட் இருக்கும், ஆள் பந்தோபஸ்துல இருப்பாரு. முதல்வர் வர்றாரு, தேர் ஓடுது, கட்சி மாநாடுன்னு எந்த மாவட்டத்துக்கு ஆள் வேணும்னாலும் முதல்ல உருவறது இவங்களைத்தான். அப்புறம் பட்டா புக்ல (ரோந்து வந்ததுக்கு கையெழுத்து போடற நோட்டு) ஒரே உக்காரல்ல ஒரு வாரத்து கையெழுத்தையும் போட்டுட்டு போற பழைய வித்தை. இன்னொண்ணு, ஒரே ஆள் கைல மூணு பஞ்சாயத்துன்னா மணல் வண்டிக்காரனும் சாராயக்காரனும் ஒரே ஒருத்தரை சரிக்கட்டினா போதும். சாதியும் இருக்கு, அவர் எந்த ஆளுங்கன்னு ஊர் முதல் நாளே விசாரிச்சுரும். அதனால சொந்த தாலுகால போடக்கூடாது, ஆனா சட்டுனு தூக்கவும் கூடாது. ஸ்டேஷன் பொறுப்பு இன்ஸ்பெக்டருக்கு குறைஞ்சது ரெண்டு வருஷம்னு பிரகாஷ் சிங் வழக்குல 2006ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, ஏட்டுக்கு யாரும் சொல்லல. ஊரை நிஜமா தெரிஞ்சு வச்சிருக்கறது அவர்தானே.

சரி, போலீஸே வேண்டாம், ஊர்க்காரங்களையே வச்சு பாத்துக்கலாம்னு ஒரு கட்சி இருக்கு. மகாராஷ்டிரால 1967 சட்டப்படி ஊருக்கு ஒரு போலீஸ் பாட்டீல் உண்டு, ஊர்க்காரரேதான். ஆந்திரால 2019ல கிராம சச்சிவாலயத்துக்கு (கிராமத்துலயே இருக்கற அரசு ஆபீஸ்) ஒரு மகளிர் போலீஸ்னு போட்டாங்க, அவங்க போலீஸா ஆபீஸ் ஊழியரான்னு கோர்ட்டு வரைக்கும் போச்சு. நம்ம ஊர்லயும் 1993ல ராமநாதபுரத்துல எஸ்பியா இருந்த பிரதீப் பிலிப் ஆரம்பிச்ச ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் இருந்துச்சு, 2020ல சாத்தான்குளத்துல போலீஸ் அடிச்சு அப்பாவும் மகனும் செத்ததுக்கு அப்புறம் அவங்க மேலயும் குற்றச்சாட்டு வந்து ஜூலைல தடை பண்ணிட்டாங்க. பழைய காவல் முறைல துப்புக்கூலின்னு ஒண்ணு இருந்துச்சே, காணாம போன மாட்டை கூலி வாங்கிட்டு காட்டிக் குடுக்கறது, சில சமயம் ஓட்டிட்டு போனதே அவங்க ஆளுங்கதான். அதிகாரம் இருக்கும், பதில் சொல்ற கடமை இருக்காதுன்னா எந்த காலத்துலயும் அங்கதான் போய் நிக்கும். ஏற்கனவே விஏஓவும் கிராம உதவியாளரும் ஊருக்குள்ள இருக்காங்க, சந்தேக மரணம்னா தகவல் குடுக்கறதே அவங்கதான், அவங்களோட ஏட்டு வாரம் ஒரு தடவை உக்காந்து பேசினாலே போதும். லத்தியை மட்டும் தனி ஆளுங்க கைல குடுக்காதீங்க.

மகளிர் ஸ்டேஷன் விஷயத்துல எனக்கு முழு முடிவு வரல. 1992ல சென்னை ஆயிரம் விளக்குல முதல்ல வந்தது நல்ல யோசனைதான், இன்னைக்கும் பல பொண்ணுங்க அங்கதான் வாயைத் திறந்து பேசறாங்க. ஆனா பெரும்பாலும் சப் டிவிஷனுக்கு ஒண்ணுதான், மலை ஊர்ல இருந்து ரெண்டு பஸ் மாறணும், புருஷனுக்கு தெரியாம போயிட்டு பொழுதுக்குள்ள திரும்பணும், ஸ்கூல் முடிச்ச பொண்ணுக்கு குழந்தை கல்யாணம்னா யார் பஸ் ஏறப் போறா? பீட் ஆட்கள்ல நாலுல ஒருத்தராவது பெண் காவலரா இருந்து மாசம் ரெண்டு தடவை நூறு நாள் வேலை நடக்கற இடத்துக்கு போனா, அங்க தானா பேச்சு வரும்.

கேமரா பத்தி ரெண்டே வரி. பஞ்சாயத்து காசுல வாங்கின கேமரால ராத்திரி பூச்சி மொய்ச்சு சிலந்தி வலை கட்டியிருக்கும், பதிவைக் கேட்டா வலைதான் தெரியும். மாசா மாசம் துடைக்க ஆள் வச்சா வாங்குங்க. ஆன்லைன் புகார் அதை விட உருப்படி, 2024 ஜூலை 1ல இருந்து புது சட்டத்துல எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம், ஆன்லைன்லயே தகவல் குடுக்கலாம், ஆனா மூணு நாளுக்குள்ள கையெழுத்து போடணும். அதுக்கு மறுபடி பஸ் ஏறணுமா? கையெழுத்து வாங்கற வேலையை பைக்ல வர்ற ஏட்டு கிட்டயே விடலாமே, எங்கப்பாக்கு மூணு தடவை அலைச்சல் மிச்சமாயிருக்கும்.

நானா இருந்தா ஹைவேக்கும் தொப்பூருக்கும் வண்டி, ஒகேனக்கல்லுக்கும், போய்ச் சேரவே மூணு மணி நேரம் ஆகற சித்தேரி மலைக்கும் மட்டும் புறக்காவல், மத்த எல்லாத்துக்கும் பைக் ஏட்டு, ராத்திரிக்கு மட்டும் ரெண்டு ஸ்டேஷனுக்கு ஒரு ரோந்து வண்டின்னு பிரிப்பேன். இன்னொரு சின்ன விஷயம், செலவே இல்லாதது. எங்க ஊர் பஸ் ஸ்டாப் சுவத்துல அந்த ஏட்டு நம்பர் பெயின்ட்ல எழுதியிருக்கு, அவர் சொந்த நம்பர். அவரை போன வருஷம் மாத்திட்டாங்க. ஜனம் இன்னும் அந்த நம்பருக்குத்தான் அடிக்குது, அவரும் பாவம் எங்கயோ பந்தோபஸ்துல நின்னுட்டு எடுத்து, புது ஆள் நம்பரை ஒவ்வொருத்தருக்கா சொல்லிட்டு இருக்காரு. சிம் கார்டை பீட்டுக்குன்னு ஒண்ணு வாங்கி குடுங்க, ஆள் மாறினா கைமாறட்டும்.