வெள்ளம் வடிந்த பிறகு வந்த சர்வேயர்

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மழையில், வேளச்சேரியில் உள்ள எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் மூன்றடிக்குத் தண்ணீர் நின்றது. பொங்கலுக்காக மெல்பர்னிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது ஒரு மாதம் கழிந்திருந்தும் சுவரில் சேற்றுக்கோடு அப்படியே இருந்தது. சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை அதன்மேல் வெள்ளையடிக்க அப்பா சம்மதிக்கவில்லை. ஊரில் சர்வேயர் என்றால் நிலம் அளக்கும் தாலுகா அலுவலகத்துக்காரர்தான் என்பதால், காப்பீட்டு நிறுவனம் எதற்கு எங்கள் மனையை அளக்க வேண்டும் என்று முதலில் அவர் குழம்பியதும் உண்டு.

வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கி எடுக்கச் சொன்ன பாலிசி அது. நெருப்புக்கு மட்டுந்தான் என்று அப்பா நினைத்திருந்ததால், டிசம்பர் கடைசியில்தான் நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்தார். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் கட்டாயம் வழங்க வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொது வடிவப் பாலிசிதான் எங்களுடையதும். வெள்ளச் சேதம் அதில் அடக்கம்.

வந்தவர் பொறுமையான மனிதர். சேற்றுக்கோட்டின் உயரத்தை டேப் வைத்து நான்கு அறைகளிலும் அளந்தார். குளிர்சாதனப் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொல்லி, அதன் முதுகில் ஒட்டியிருந்த வரிசை எண்ணைப் படமெடுத்தார். ரசீதுகள் எங்கே என்று கேட்டதற்கு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து அம்மா எடுத்துக் கொடுத்தது காய்ந்து கட்டியாகிப்போன ஒரு காகிதக் கட்டு. அதையும் அவர் படமெடுத்துக்கொண்டார்.

சிக்கல் பிப்ரவரியில், நான் திரும்பிய பிறகு தொடங்கியது. கட்டடச் சேதம் 3,20,000 ரூபாய் என்று மதிப்பிட்டிருந்தும், 2,00,000 ரூபாய்தான் தருவதாக நிறுவனம் எழுதியது. சர்வேயர் அறிக்கையின் நகலை அப்பா எழுதிக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பினார். வீட்டைத் திரும்பக் கட்ட 32 லட்சம் ஆகும், காப்பீடு செய்ததோ 20 லட்சத்துக்கு, எனவே அதே விகிதத்தில் இழப்பீட்டையும் குறைக்க வேண்டும் என்று ஒரு வரியில் கணக்கு முடிந்திருந்தது. பழைய தீக்காப்பீட்டுப் பாலிசிகளில் இந்த விகிதக் கழிவு வழக்கமானதுதான். ஆனால் பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்தக் கழிவே கிடையாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும்படி வந்த ரசீதில் கையெழுத்திட வேண்டாம் என்று அப்பாவிடம் தொலைபேசியில் இரண்டு முறை சொன்னேன்.

சர்வேயர் அறிக்கைதான் இறுதி என்று காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் அடித்துச் சொன்னார்கள். அது நிறுவனத்தையோ பாலிசிதாரரையோ கட்டுப்படுத்தாது என்று 2009இலேயே பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பையும் பாலிசியின் அந்தப் பிரிவையும் சுட்டிக்காட்டி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அப்பா பெயரில் கடிதம் எழுதினோம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மேனிடம் போவதாகவும் அதில் குறிப்பிட்டோம். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞருக்கு இடமும் இல்லை. 50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் அவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தது, ஆனால் எழுபத்தாறு வயது அப்பாவை வாய்தாவுக்கு அலையவிட எனக்கு மனமில்லை.

இருபத்தாறாம் நாள், கழிவை நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது. ஏன் கழித்தார்கள் என்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. அதற்குப் பிறகும் பணம் ஐந்து வாரம் தாமதமானது. பாலிசியில் வங்கியின் பெயர் இன்னும் இருந்ததால், 2019இலேயே அடைத்த கடனுக்கு நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கேட்டார்கள். அதை வாங்க அப்பா வங்கிக் கிளைக்கு இரண்டு முறை போய்வந்தார். இந்த ஆண்டுப் புதுப்பிப்பில் வங்கியின் பெயரை எடுக்கச் சொல்லி, காப்பீட்டுத் தொகையையும் 32 லட்சமாக உயர்த்தியிருக்கிறோம்.