திறந்து விடுவதா, பார்த்து வெளியிடுவதா? 18+ படத் தளம் நடத்த இரண்டு வழிகள்

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்த இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, மனித உடலை வரைகிறவர்களுக்கும் படமெடுக்கிறவர்களுக்குமாக ஓர் இணையதளம் நடத்துகிறேன். நிர்வாணம் உண்டு என்பதால் 18 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும். படங்கள் வெளியாட்கள் அனுப்புவது. யார் வேண்டுமானாலும் அப்லோடு செய்யட்டும், புகார் வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து விடுவது ஒரு வழி. ஆள் யாரென்று உறுதிசெய்து, நாங்கள் பார்த்த பிறகே வெளியிடுவது இன்னொரு வழி. நாங்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டோம்.

பச்சையான ஆபாச வீடியோ தளம் நடத்த நினைக்கிறவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். சர்வர் நெதர்லாந்தில் இருந்தால் என்ன, நடத்துகிறவர் மகாமகக் குளத்துப் பக்கம்தானே குடியிருக்கிறார்? கலைக்கு விலக்கு உண்டு. நிர்வாணம் என்பதாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கோயிலிலும் தேரிலும் உள்ள சிற்பங்களுக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ம் பிரிவு தனியாகவே விலக்குத் தருகிறது. ஆனால் அது தேரில் இருக்கிற சிற்பத்துக்கு. அதைப் பார்த்து ஒருவர் வரைந்து அனுப்பும் படத்தோடு தானாக ஒட்டிக்கொண்டு வராது.

திறந்து விடும் வழிக்கு முதல் வக்கீல் என் நண்பனேதான். தொழிலும் அவனுக்கு அதுதான். "மாப்ளே, நீ கை வைக்காதவரைக்கும்தான் 79-ம் பிரிவு உனக்கு. பொறுக்கி எடுத்துப் போட்டா நீ பத்திரிகை ஆசிரியர் மாதிரி ஆயிடுவே" என்றான். அவன் சொல்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ம் பிரிவை. பிறர் போட்டதற்குத் தளம் நடத்துகிறவர் பொறுப்பாகாமல் காக்கும் பிரிவு அது. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ கூடாது என்பது அந்தப் பாதுகாப்புக்கான நிபந்தனைகளில் ஒன்று. நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ வந்தால்தான் தளத்துக்கு 'தெரிந்திருந்தது' என்று கொள்ள வேண்டும் என 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அவன் பக்கம்தான். செலவும் குறைவு, படங்களும் வேகமாகச் சேரும்.

அந்தப் பாதுகாப்பு பயிர்க் காப்பீடு மாதிரி. சம்பா முங்கின பிறகு வரும், அதுவும் வந்தால். 2004-ல் பாஸீ.காம் என்ற இணைய விற்பனைத் தளத்தில் யாரோ ஒருவர் ஒரு ஆபாச வீடியோவை விற்பனைக்குப் போட்டதற்கு, அந்நிறுவனத்தின் தலைவரைக் கைது செய்தார்கள். அவர் விடுபட்டது 2012-ல், அதுவும் நிறுவனத்தைக் குற்றவாளியாகச் சேர்க்கவில்லை என்ற காரணத்தால். அந்தக் கைதுக்குப் பிறகு 79-ம் பிரிவைத் திருத்தி வலுப்படுத்தினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் எட்டு வருஷம் நீதிமன்றத்துக்கு அலைய எங்கள் மூன்று பேருக்கும் தெம்பு இல்லை.

அப்புறம் அந்தப் பாதுகாப்புக்கு நிபந்தனைகள் வேறு. அனுமதியில்லாத அந்தரங்கப் படம் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகள் கெடு வைத்தன. இந்தக் கெடுக்கள் இறுகுகின்றனவே தவிரத் தளரவில்லை. குழந்தைகள் சம்பந்தப்பட்ட படமென்றால் நீக்கினால் மட்டும் போதாது, போக்சோ சட்டப்படி போலீசுக்கும் தெரிவித்தாக வேண்டும். இல்லையென்றால் பாதுகாப்பும் கிடையாது என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது அம்பத்தூரில் தொடங்கிய வழக்கு. சரி, படத்தில் இருப்பவருக்குப் பதினேழா பத்தொன்பதா என்று படத்தைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

எங்களுக்கு முடிவைச் சொன்னது இந்த இடம்தான்: படத்தில் இருப்பவரின் வயதுக்கும் சம்மதத்துக்கும் காகிதம். அதை வெளியிடும் முன்னால் வாங்கினால்தான் உண்டு. உலகத்திலேயே பெரிய ஆபாச வீடியோ தளங்களில் ஒன்றான போர்ன்ஹப், 2020 டிசம்பரில் விசாவும் மாஸ்டர்கார்டும் கையை உதறிய பிறகு, அடையாளம் உறுதிசெய்யாதவர்கள் போட்ட வீடியோக்களை லட்சக்கணக்கில் எடுத்தது. திறந்த கதவு வைத்திருந்தவர்களே எங்கள் வழிக்கு வந்துவிட்டார்கள்.

நாங்கள் கேட்பது மூன்று: வயது தெரியும் அரசு அடையாள அட்டை, படம் எடுக்கச் சம்மதம் என்று ஒரு கையெழுத்து, இணையத்தில் வெளியிடச் சம்மதம் என்று தனியாக இன்னொரு கையெழுத்து. இரண்டாவதைப் பலர் வெட்டிவேலை என்கிறார்கள். திருவையாற்றிலிருந்து ஒருவர் நல்ல கறுப்பு வெள்ளைப் படங்கள் அனுப்பினார், படிவத்தோடு. முதல் கையெழுத்து கோணலாக, நீல மையில். இரண்டாவது கறுப்பு மையில், கீழே படம் அனுப்பியவர் போட்டிருந்த கையெழுத்தைப் போலவே வலப்பக்கம் சாய்ந்து. படத்தில் இருந்த பெண்ணுக்கே போன் செய்தேன். "சார், போட்டோ எடுக்கறதுக்குத்தான் சரின்னேன். நெட்ல போடப் போறாங்கன்னு யாரும் சொல்லலையே" என்றார்.

படங்களை அன்றே அழித்துவிட்டோம். எடுக்கச் சம்மதித்தவர் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது நியாய சன்ஹிதா 77-ம் பிரிவில் குற்றம். திறந்த தளமாக இருந்திருந்தால் அந்தப் பெண் அதைத் தன் தெருவில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டிருப்பார். எங்களை 79-ம் பிரிவு காப்பாற்றியிருக்கலாம். அவரை?

இந்த வழியின் செலவு, பராமரிப்பில்தான். காகிதங்களே ஒரு பொறுப்பு. அடுத்தவர் அடையாள அட்டை நம்மிடமிருந்து கசிந்தால் அது இன்னொரு வழக்கு. அதனால் ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் நகல்தான் வாங்குகிறோம். இணையத்தோடு இணைக்காத ஹார்ட் டிஸ்கில் போட்டு, டிஸ்கைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். சம்மதித்தவர் பிறகு மனம் மாறினால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுகிறோம். காத்திருக்கப் பொறுமையில்லாத நல்ல கலைஞர்கள் சிலர் போய்விட்டார்கள் என்பதும் உண்மை.

எங்களுக்கு வருவது கொஞ்சம் படங்கள்தான். நாளுக்கு நூற்றுக்கணக்கில் வந்தால் மூன்று பேர் போன் போட்டுச் சரிபார்க்க முடியாது. அந்த அளவில் எது தாங்கும் என்று அனுபவத்தில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பார்த்து வெளியிடுவதால் 79-ம் பிரிவு எங்களுக்கு மெலிந்துபோகும் என்ற வாதத்துக்கும் நண்பனிடம் முழுப் பதில் சொல்லிவிடவில்லை. அது நிற்காது என்று வைத்துக்கொண்டே, ஒவ்வொரு படத்தையும் நாங்களே எடுத்துப் போட்ட மாதிரி நினைத்து முடிவு செய்கிறோம். வீடியோ கேட்டு வருகிறவர்களுக்கு இப்போதைக்கு இல்லை என்றே பதில் போகிறது.