மோட்டார்ஹோமுக்குக் கூடுதல் அலமாரி போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையல் மேடை எல்லாம் உள்ள பயண வண்டி) உள் வேலை செய்கிற ஒருவரிடம் நன்றாக ஏமாந்துவிட்டோம். பணம் போனது ஒரு பக்கம். மகள் தலையில் அடிபடாமல் தப்பியதும், கேஸ் கசிந்து எதுவும் ஆகாமல் இருந்ததும் எங்கள் நல்ல நேரம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்களுடையது ஆறரை மீட்டர் வண்டி, பழையதாக வாங்கியது. நாங்கள் மூன்று பேர். துணிமணி, போர்வை, மளிகை, மகளின் புத்தகங்கள், மடக்கு நாற்காலி, தண்ணீர்க் குழாய் என்று எதை எங்கே வைப்பது என்பதே ஒவ்வொரு பயணத்திலும் பெரும்பாடு. ராத்திரி படுக்கப் பைகளையெல்லாம் ஓட்டுநர் இருக்கைக்கு மாற்ற வேண்டும். காலையில் வண்டியை எடுக்க அத்தனையும் திரும்பக் கட்டிலுக்கு. இப்படி இருக்கிறவர்களிடம் வந்து "இடத்தை ரெண்டு மடங்காக்கித் தர்றேன், கவலையே படாதீங்க" என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? உடனே சரி என்றோம்.

மேலே சுற்றிலும் அலமாரி, கட்டிலுக்கு அடியில் இழுப்பறைகள், சமையல் மேடைக்குக் கீழே செருப்புத் தட்டு, வண்டிக்குப் பின்னால் வெளியே ஒரு பெரிய பெட்டி. மூன்று வாரத்தில் முடித்துக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ரசீதில் மட்டும் ஒரே வரி: "உள் வேலை, முழுவதும்". என்ன பலகை, எவ்வளவு எடை, எதில் பொருத்தியது, ஒன்றும் இல்லை. அங்கேயே நான் கேட்டிருக்க வேண்டும்.

முதல் பயணத்தின் மூன்றாம் நாள், குண்டும் குழியுமான சாலையில் ஒரு திருப்பம். பின்னால் மடாரென்று சத்தம். ஓரங்கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால், கட்டிலுக்கு மேலே இருந்த அலமாரி சுவரைப் பிய்த்துக்கொண்டு மெத்தைமேல் கிடக்கிறது. முந்தின இரவு அதே இடத்தில்தான் மகள் தலைவைத்துப் படுத்திருந்தாள். கீழே உருண்ட ஒரு ஸ்க்ரூவை எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். மரையில் மரத்தூள் ஒரு பொட்டுகூட இல்லை; தெர்மாகோல் போன்ற வெள்ளைத் துகள்தான் ஒட்டியிருந்தது. இந்த மாதிரி வண்டிகளில் பலவற்றின் சுவர், மெல்லிய இரண்டு தகடுகளுக்கு நடுவே ஃபோம் வைத்தது. உள்ளே சட்டம் ஓடும் இடம் பார்த்துத்தான் முடுக்க வேண்டும். சட்டம் இல்லாத இடம் என்றால் கட்டை கொடுத்துப் பசை போட்டு ஒட்டி, அதில் முடுக்க வேண்டும். இவர் சுவரின் உள்பக்கத் தகடான 3 மி.மீ. பிளைவுட்டை மட்டும் நம்பி முழு அலமாரியையும் தொங்கவிட்டிருக்கிறார்.

அப்போதுதான் சந்தேகம் வந்து வண்டியை எடை மேடையில் ஏற்றினோம். எங்கள் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 3,500 கிலோ. காட்டியது 3,660. அவர் பயன்படுத்தியது முழுக்க எம்.டி.எஃப்., அதாவது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. எட்டுக்கு நான்கு அடி, 15 மி.மீ. பலகை ஒன்றே ஏறக்குறைய 33 கிலோ வரும். அதே அளவில் எடை குறைந்த பாப்லர் மரப் பிளைவுட் 20 கிலோவை ஒட்டித்தான். ஆறு பலகை போட்டிருக்கிறார். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பின்பக்கப் பெட்டி இன்னும் மோசம். பெட்டியும் சாமானும் சேர்த்து 80 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4 மீட்டர். பெட்டி இருப்பது பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால். பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா பலகை மாதிரிதான் இது: பின் அச்சில் 120 கிலோ ஏறுகிறது, முன் அச்சிலிருந்து 40 கிலோ குறைகிறது. எங்கள் வண்டி முன் சக்கர இழுவை; அங்கே எடை குறைந்தால் பிடிப்பும் குறையும். ஈரமான மேட்டில் சக்கரம் வழுக்கிச் சுற்றியது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் கேஸ். இதை நினைத்தால் இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அது வெளியே போகத்தான் அடுப்புக்குக் கீழே தரையில் ஓட்டை விட்டிருப்பார்கள். வருடாந்திரச் சோதனைக்கு வந்தவர் செருப்புத் தட்டை இழுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதை யாரு மூடினது?" என்று கேட்டார். ஓட்டைமேல் ஒரு பலகைத் துண்டு, சுற்றிலும் வெள்ளை சிலிக்கான். அளவெடுத்த பென்சில் கோடுகூட அழியவில்லை. அதாவது பார்த்து, அளந்து, மூடியிருக்கிறார்.

வேலை செய்தவரைக் கூப்பிட்டால், "அதுல தூசி வருமேன்னு அடைச்சேன்" என்கிறார். அலமாரி விழுந்ததற்கு, "நீங்க ஓவரா சாமான் வெச்சுட்டீங்க." அதில் இருந்தது மூன்று போர்வை. பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு போனையே எடுப்பதில்லை.

இப்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். மேலே துணிப் பைகளும் வலையும் மட்டும். போர்வை, துணி தவிர வேறெதுவும் அங்கே போகாது. கனமான சாமான் எல்லாம் தரையோடு, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில். கட்டிலுக்கு அடியில் இழுப்பறை அடைத்ததில் காற்றோட்டம் நின்று மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடித்திருந்தது. அங்கே இப்போது ஓட்டை போட்ட பெட்டிகள், சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி. வட்ட டப்பாக்களை எடுத்துவிட்டுச் சதுர டப்பா வாங்கினோம், ஒன்றுக்குள் ஒன்று போகிற பாத்திரம் வாங்கினோம். அதிலேயே ஒரு தட்டு மிச்சமானது. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால், நிரப்ப வசதி உள்ள இடத்துக்குப் போகும்போது தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை.

வேலை கொடுக்கிறவர்கள், முதலில் வண்டியை எடை போட்டு, இன்னும் எத்தனை கிலோ தாங்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். அந்த எண்ணைக் கேட்காமலேயே டேப்பை எடுத்து அளக்க ஆரம்பிக்கிற ஆளிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். பலகை வகையும் எடையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பலகையால் மூடுவதற்கு முன்னால் சுவரைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வேலை முடித்தவர்கள் இன்றைக்கே ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து, அடுப்புக்குக் கீழேயும் சிலிண்டர் அறையிலும் தரை ஓட்டை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் சிலிண்டர் வால்வை அடைத்துவிட்டு, கேஸ் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.