மோல்மேன் கதைக்கு லண்டன் விலை: பதினோரு ஆண்டுப் புத்தகக் கணக்கு

எங்கள் ஐயா பர்மாவின் மோல்மேன் நகரில், நகரத்தார் லேவாதேவி நடத்திய கிட்டங்கியில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு உதவியாளராக, இருந்தவர். அக்கால லேவாதேவி பற்றிய ஆய்வு நூல்களைத் தேடத் தொடங்கிய பிறகுதான், நம்மவர் கதையைப் படிக்கவும் கடல் கடந்து பணம் கட்ட வேண்டும் என்பது தெரிந்தது; அவற்றில் பல, வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் நூலகங்களை மனத்தில் வைத்து விலையிட்ட கெட்டி அட்டை நூல்கள்.

2012இல், 60 பவுண்டு விலையுள்ள ஒரு நூலைக் காரைக்குடியில் வழக்கமாக வாங்கும் கடையில் கேட்டேன். பவுண்டு அப்போது ஏறத்தாழ 85 ரூபாய். கடைக்காரர் சென்னை இறக்குமதியாளரிடம் விசாரித்து, துண்டுச்சீட்டில் 95ஆல் பெருக்கி 5,700 என்று எழுதி, பாதியை முன்பணமாகக் கேட்டார்; வர இரண்டு மாதமாகும், திருப்பி எடுக்க மாட்டார்கள் என்றார். அதே நூல் பிரிட்டனின் இணையப் புத்தகக் கடையான புக் டெபாசிட்டரியில் தபால் செலவின்றி 48 பவுண்டு, அதாவது 4,080 ரூபாய். பதினெட்டாம் நாள் தபால்காரர் முகப்புத் திண்ணையில் வைத்துப்போன அட்டை உறைக்குள் நூலோடு ஒரு பக்கக்குறியும் இருந்தது.

கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். நாணய மதிப்பு ஏறினால் கை கடிக்காதிருக்க இறக்குமதியாளர் வங்கி விகிதத்துக்கு மேலேதான் கணக்கிடுவார். அதில் கடைக்கு எஞ்சுவது சொற்பம்.

இந்தியப் பதிப்பு உள்ள நூல்களிலோ கணக்கு தலைகீழ். மகளின் பொறியியல் பாடநூல்கள் பின்பக்க எழுத்துத் தெரியும் மெல்லிய தாளில், 'இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு' என்ற குறிப்போடு, வெளிநாட்டு விலையில் சிறு பங்குக்கே உள்ளூரில் கிடைத்தன. இத்தகைய விலை வேறுபாட்டை வைத்துத்தான் தாய்லாந்து மாணவர் ஒருவர் தம் நாட்டில் மலிவாக விற்ற பாடநூல்களை வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

2019 நிதிநிலை அறிக்கை இறக்குமதி நூல்களுக்கு 5 விழுக்காடு சுங்கவரி விதித்தது. 2023 ஏப்ரலில் புக் டெபாசிட்டரியும் மூடப்பட்டது; பவுண்டோ நூறைத் தாண்டிவிட்டது. அவ்வாண்டின் இறுதியில் நான் தேடிய நூல் வேறொரு வெளிநாட்டுத் தளத்தில் தபால் செலவோடு 6,300 ரூபாய், நம் கடையில் 6,450. நூற்றைம்பது ரூபாய்க்காக லண்டன் வரை போவானேன் என்று கடையிலேயே சொல்லிவைத்தேன். இம்முறை அவர் முன்பணம் கேட்கவில்லை.